ஒரே வெள்ளிக்கிழமையில் நேர்முகத் தேர்வும் ஒயிலாட்டமும்

காரைக்குடி வட்டாரத்தில் எம்.காம். இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

புதுவயல் பக்கம் ஒரு கிராமம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா காரைக்குடியில் பலகாரம் செய்யும் இடத்தில் தேன்குழல் பிழிகிறார். வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். இந்த ஆண்டுக் கட்டணத்துக்காக அம்மாவின் தோடு கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது. தாத்தா அந்தக் காலத்தில் ஊர்த் திருவிழாவில் ஒயிலாட்டம் ஆடியவர். பேத்திக்கு அடவு சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

அடுத்த வாரம் வியாழனும் வெள்ளியும் வளாகத்தில் வேலைவாய்ப்பு முகாம். வியாழன் எழுத்துத் தேர்வு, வெள்ளி நேர்முகம். அதே வெள்ளிக்கிழமை கலை விழாவும் தொடங்குகிறது. அன்று மதியம் 3 மணிக்கு இவருடைய பத்துப் பேர் குழுவுக்கு மேடை. “நான் முன்னால் நின்று பாட்டு எடுத்தால்தான் மற்ற ஒன்பது பேரும் கால் வைப்பார்கள்” என்று எழுதியிருக்கிறார். ஜெயித்தால் அடுத்த மாதம் வெளியூரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, இரண்டு இரவு தங்க வேண்டும். அம்மா இப்போதே முடியாது என்கிறார். “ஆட்டம் சோறு போடுமா?” என்று தாய்மாமா கேட்கிறார். முகாமுக்குப் போகாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் எந்தக் கம்பெனியும் கிடையாது என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். கலை விழாச் சான்றிதழ் இருந்தால் அரசு வேலையில் கோட்டா உண்டு, முகாமே வேண்டாம் என்கிறாள் தோழி. இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் போனில் வந்திருக்கிறார். சென்னையில் வேலை உறுதியாம். இரண்டு வருட ஒப்பந்தம், ஒரிஜினல் சான்றிதழ்கள், பயிற்சிக் கட்டணம் 8,000 ரூபாய், எல்லாம் மூன்று நாளுக்குள் வேண்டுமாம். நடுவில் விலகினால் 1 லட்சம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் போலீஸ் கேஸ் என்றும் சொல்லியிருக்கிறார். “எதை விடுவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்பு மகளே,

இருபது வருடத்துக்கு மேல் மாணவர்களுக்கு வேலை வழிகாட்டும் பணியில் இருந்தவள் நான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முகாமும் ஆட்டமும் மோதுவதைத்தான் நீங்கள் பெரிய பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பயமுறுத்தியதோ ஐந்தாம் பக்கத்தில் நாலே வரியில் வந்துபோகும் அந்த ஏஜென்ட். அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவர் கொடுத்த கெடுவோ மூன்று நாள்.

அந்த 8,000 ரூபாயைக் கட்டாதீர்கள்

நேர்முகம் நடக்கவில்லை, நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் வரவில்லை, வேலை மட்டும் உறுதி என்கிறார்கள். அதற்குப் பணமும் கேட்கிறார்கள். வேலை கொடுக்கிற இடம் நமக்குத்தான் பணம் தர வேண்டும். பயிற்சிக் கட்டணம், முன்பணம், லேப்டாப் டெபாசிட் என்று பெயர் எதுவானாலும், சேர்வதற்கு முன்னால் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பேசிய எண், வாட்ஸ்அப் செய்திகள், அனுப்பச் சொன்ன கணக்கு விவரம் எதையும் அழிக்க வேண்டாம். குழுவில் யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போடும் பிள்ளைகள்தான் முழுசாக இழக்கிறார்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமா, உங்கள் கண் முன்னால் பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரட்டும். சுய கையொப்பமிட்ட நகல் போதும். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமே மாணவர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிப்பு வெளியிட்டது. முகம் தெரியாத ஒருவரிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பட்டம் வரை மொத்தமாகக் கொடுத்துவிட்டால், நாளைக்கு வேறு நல்ல வேலை வரும்போது காட்ட உங்களிடம் ஒன்றுமே இருக்காது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நடைமுறையில் உங்களைக் கட்டிப்போடும் கயிறு அந்தச் சான்றிதழ்கள்தான்.

ஒப்பந்தம் போட்டால் ஜெயிலா?

இல்லை. வேலை ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விஷயம். அதற்காக மட்டும் போலீஸ் வந்து யாரையும் பிடித்துப் போக முடியாது. நஷ்டஈடு கேட்டு நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். அங்கேயும் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்லும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. வேலையை விட்ட பிறகு வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது என்று போடும் நிபந்தனை, பொதுவாக 27ஆவது பிரிவுப்படி செல்லாது.

அதற்காக, “பாண்டெல்லாம் (ஒப்பந்தமெல்லாம்) சும்மா, கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடலாம்” என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். உங்கள் கடிதத்தின் ஓரத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. மூன்று வருடம் வேலை பார்ப்பேன், இல்லையென்றால் 2 லட்சம் தருவேன் என்று எழுதிக்கொடுத்துச் சேர்ந்த அதிகாரி, முன்னதாகவே விலகிப் பணத்தைக் கட்டிவிட்டு, அந்த நிபந்தனை செல்லாது என்று வழக்குப் போட்டிருந்தார். நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் பெரிய பதவியில் நல்ல சம்பளத்தில் இருந்தவர், அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க அவர்களுக்கு ஆகும் செலவும் காலமும் அதிகம் என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்த்தது. உங்கள் நிலைமை வேறு. ஆனாலும் பாடம் உங்களுக்கும் உண்டு: எவ்வளவு நாள், எவ்வளவு தொகை, அந்தத் தொகைக்கு ஈடாக அவர்கள் உண்மையிலேயே என்ன பயிற்சி தருகிறார்கள் என்று படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. முகாமுக்கு வரும் நல்ல நிறுவனங்களிலும் சில ஒப்பந்தம் கேட்கும். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வைத்துப் படிக்க நேரம் கேளுங்கள். படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லையென்றால், சிவகங்கையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

சரி, இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

யாரிடமும் இன்னும் கேட்கவில்லையே

ஆறு பக்கத்தில் எத்தனையோ பேர் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைவாய்ப்புப் பிரிவு அலுவலர் என்ன சொன்னார் என்று மட்டும் இல்லை. அவரிடம் நீங்கள் இன்னும் பேசவே இல்லை என்று நினைக்கிறேன். கலை விழா ஒருங்கிணைப்பாளரிடமும் பேசியிருக்க மாட்டீர்கள்.

நேர்முகம் என்பது ஒரு வரிசை. நாற்பது பேரை ஒரு நாளில் பார்ப்பார்கள் என்றால், யார் முதலில் யார் கடைசியில் என்பது நிறுவனத்துக்குப் பெரிய விஷயம் இல்லை. வளாக அலுவலர் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பெயரைக் காலையில் முதல் பத்துக்குள் வைத்துவிட முடியும். அதேபோல 3 மணிக்கு மேடை என்றால், குழுக்களின் வரிசையில் உங்களுடையதைக் கடைசிக்குத் தள்ளி 4 மணி ஆக்குவதும் நடக்கிற காரியம்தான். ஆனால் இதெல்லாம் முன்கூட்டியே கேட்டால்தான் நடக்கும். அன்றைக்குக் காலையில் தலையில் பூவும் கையில் கைக்குட்டையுமாகப் போய் நின்றால் யாராலும் உதவ முடியாது.

பல வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், நாடகக் குழுவில் இருந்த ஒரு பையன் இதே மாதிரி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். கேட்கக் கூச்சப்பட்டு நேர்முகத்துக்கு வரவே இல்லை. எழுத்துத் தேர்வில் அவன் மூன்றாவது இடம். நிறுவனத்தார் மாலை ஐந்தரை வரை அவனுக்காக உட்கார்ந்திருந்தார்கள். நாடகம் நாலரைக்கே முடிந்துவிட்டது. இருபது அடி தள்ளியிருந்த கட்டிடத்துக்குள் அவன் வந்திருந்தால் போதும். யாரோ “லேட்டா போனா உள்ளேயே விட மாட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன்: கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கடிதம் நாலு வரி போதும். “வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கலை விழாவில் எங்கள் துறையின் ஒயிலாட்டக் குழுவை வழிநடத்துகிறேன். அன்றைய நேர்முகத்திலும் கலந்துகொள்ள விரும்புகிறேன். எனக்கு முற்பகலில் நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதுங்கள். துறைத் தலைவரிடம் பரிந்துரைக் கையெழுத்து வாங்கி வேலைவாய்ப்புப் பிரிவில் கொடுங்கள். ஒரு நகல் கலை விழா ஒருங்கிணைப்பாளருக்கு.

கூடவே வருகைப்பதிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்திகைக்குப் போன நாளெல்லாம் தானாகவே ஓடி (ஆன் டியூட்டி, அதாவது வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) ஆகிவிடும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆகாது. ஓடிக்கு முன்னதாக விண்ணப்பித்து, ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தோடு துறையில் ஒப்படைத்தால்தான் கணக்கில் வரும். பெரும்பாலான இடங்களில் தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். மூன்று மாத ஒத்திகையில் எத்தனை வகுப்பு விட்டீர்கள் என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள்.

நேரம் மாற்றவே முடியாது என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டால்? அப்போது உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வேலை கிடைத்தால் உண்மையிலேயே போய்ச் சேருவேனா? சேருவேன் என்றால் நேர்முகத்துக்குப் போங்கள். மூன்று மாதம் உங்களோடு ஆடிய ஒன்பது பேரில் ஒருத்திக்குப் பாட்டு எடுக்கத் தெரியாமலா இருக்கும்? நாளைக்கே ஒருத்தியை முன்னால் நிறுத்திப் பழக்குங்கள். இதை எப்படியும் செய்ய வேண்டும், உங்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ஆனால் அந்த ஊருக்கு, அந்தச் சம்பளத்துக்குப் போகவே மாட்டேன், சும்மா போய்ப் பார்க்கிறேன் என்றால், அதற்காக ஆட்டத்தை விட வேண்டாம். பல வளாகங்களில் ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்று விதி வைத்திருக்கிறார்கள். பிடிக்காத ஒன்றில் தேர்வாகிவிட்டால் அடுத்து வருகிற நல்லதில் உட்கார விட மாட்டார்கள். உங்கள் இடத்தில் அந்த விதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சீனியர்கள் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. பெயர் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வராமலிருப்பவர்களை அடுத்த நிறுவனத்துக்கு அனுமதிக்காத வழக்கம் சில இடங்களில் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டவருக்கு அந்தக் கதி வராது. அப்படியே இந்த முகாம் கைவிட்டுப் போனாலும் உலகம் முடிந்துவிடாது. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்திக்கொண்டேதான் இருக்கிறது, அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் பதிந்து வையுங்கள். தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் திட்டத்தில் உங்களுக்குப் பொருந்தும் பயிற்சி இருக்கிறதா என்றும் துறையில் விசாரியுங்கள்.

கோட்டா விஷயம்

உங்கள் தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறாள், ஆனால் தவறு. தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது விளையாட்டு வீரர்களுக்கு. அதையும் கலை விழாவையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டுவிட்டாள். டிஎன்பிஎஸ்சி தேர்வில் ஒயிலாட்டச் சான்றிதழுக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. ரயில்வேயில் கலாச்சார ஒதுக்கீடு என்று ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, எந்தக் கலைக்கு ஆள் வேண்டும் என்பதும் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பொறுத்தது. அதை நம்பி முகாமை விடுவது சரியில்லை.

ஆட்டத்தைத் தொடர நினைத்தால் வேறு வழிகள் இருக்கின்றன. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலை மன்றம் 19 முதல் 35 வயது வரையுள்ள கலைஞர்களுக்குக் கலை வளர்மணி விருது கொடுக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அதுவும் வேலை வாங்கித் தராது. ஆனால் கலைஞர் என்ற அடையாளத்தை அரசே எழுத்தில் கொடுக்கிறது. தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று.

ஆட்டத்தை நேர்முகத்தில் எப்படிச் சொல்வது

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆளுக்கு 500 ரூபாய் வசூல் செய்தீர்கள். தவில்காரருக்கு முன்பணம், சேலை வாடகை, சலங்கை, ஒத்திகை நாளில் டீ, வடை என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இரண்டு பேர் பணம் தர முடியாதபோது அதை மற்றவர்களுக்குத் தெரியாமல் சரிக்கட்டி, பிறகு துறையிலிருந்து வாங்கி ஈடு செய்திருக்கிறீர்கள். மகளே, எம்.காம். படித்த பெண்ணை நேர்முகத்தில் உட்காரவைத்துக் கேட்க நினைப்பதெல்லாம் இதைத்தானே!

தன்விவரத்தில் பொழுதுபோக்கு என்று கடைசி வரியில் நடனம் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். மேலே, அனுபவம் என்ற இடத்தில், பத்துப் பேர் கொண்ட குழுவை மூன்று மாதம் வழிநடத்தினேன், வரவு செலவைப் பராமரித்துக் கணக்கு ஒப்படைத்தேன் என்று எழுதுங்கள். அந்த நோட்டைச் சும்மா விடாமல், முறையாக வரவு செலவுக் கணக்காக ஒரு பக்கத்தில் எடுத்து எழுதுங்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஊர்ச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் உட்கார்ந்து பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாலன்ஸ் ஷீட் என்று நீங்கள் வகுப்பில் படிப்பதற்கு உங்கள் ஊரிலேயே ஐந்தொகை என்று சொல் இருக்கிறது. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் மனப்பாடம் செய்த ஆங்கிலப் பத்தியை ஒப்பிக்க வேண்டாம். ஒயிலாட்டக் குழுவுக்கு ஐந்தொகை எடுத்த கதையைச் சொல்லுங்கள். ஒயிலாட்டம் முன்பு ஆண்களே ஆடியது, இப்போது நாங்கள் ஆடுகிறோம் என்பதையும் சொல்லலாம். ஆங்கிலத்தில் தடுமாறினால் தடுமாறுங்கள், பரவாயில்லை. நடந்ததைச் சொல்கிறவர் குரலிலேயே அது தெரியும்.

3 லட்சம் என்றால் மாதம் 25,000 இல்லை

முகாமுக்கு வரும் ஒரு நிறுவனம் வருடத்துக்கு 3 லட்சம் என்று அறிவித்திருப்பதாகவும், மாதம் 25,000 வந்தால் ஆறு மாதத்தில் தோட்டை மீட்டுவிடலாம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த 3 லட்சம் நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. ஒரு உதாரணம் சொல்கிறேன். அதில் 30,000 வேலையைப் பார்த்துக் கொடுக்கும் ஊக்கத்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் மாதம் 12,500 என்றால், பிஎஃப்பில் (வருங்கால வைப்பு நிதியில்) நிறுவனத்தின் பங்கு வருடத்துக்கு 18,000. பணிக்கொடைக்கு என்று சுமார் 7,200. இவை போனால் மாதம் ஏறத்தாழ 20,400. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,500 பிடித்தால் 18,900. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), தொழில் வரி போன்றவை இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். சென்னையில் விடுதி வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போகிற செலவு எல்லாம் இதற்குள்தான். பிஎஃப் உங்கள் சேமிப்புதான், வீண் போகாது. ஆனால் தோடு மீட்க அது உதவாது. நேர்முகம் முடியும்போது “கைக்கு மாதம் எவ்வளவு வரும்?” என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

இந்தக் கணக்கோடு மாமாவிடம் உட்காருங்கள். அவரைப் பற்றிக் கோபமாக ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். தோட்டை அடகு வைக்க அம்மாவோடு வங்கிக்குப் போனவர் அவர்தான் என்று அதே பக்கத்தில் இருக்கிறது. அவருக்கு ஆட்டத்தின் மேல் பகை இல்லை, வட்டி மேல் பயம். வியாழன் தேர்வு எழுதுகிறேன், வெள்ளி காலை நேர்முகம், மதியம் ஆட்டம் என்று தேதியும் மணியுமாகச் சொன்னால் அவர் முகம் மாறும். சத்தியமாகச் சொல்கிறேன், பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஊரிலேயே வேலை இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆனால் முகாம் மாதிரி தேடி வராது, நாம்தான் தேட வேண்டும். கானாடுகாத்தானிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. செட்டிநாட்டுக் கொட்டான் என்ற பனை ஓலைக் கூடைக்கு 2013லும், கண்டாங்கிச் சேலைக்கு 2019லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆத்தங்குடித் தரைக்கல் வெளியூருக்கெல்லாம் போகிறது. இந்தத் தொழில்களில் ஜிஎஸ்டி பார்த்துக் கணக்கு எழுதவும், வருகிற விருந்தினருக்கு ஊரின் கலையைப் பற்றிப் பேசவும் தெரிந்த ஒருவர் கிடைப்பது அரிது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரியும் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) காரைக்குடியில்தான் இருக்கிறது. நேரு 1948 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டிய அந்த ஆய்வு நிலையத்தில், நிர்வாக, கணக்குப் பிரிவுப் பணியிடங்களுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். அவற்றில் சிலவற்றுக்குத் தட்டச்சுத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் தட்டச்சு வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

அம்மாவின் பயம்

வெளியூர்ப் போட்டிக்கு அம்மா மறுப்பதைப் பிற்போக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் மகளே. பெண் எங்கே தூங்குவாள், யார் கூட இருப்பார் என்று தெரியாத எந்த அம்மாவும் பயப்படத்தான் செய்வாள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இளைஞர் விழா மண்டல அளவிலும் பிறகு தேசிய அளவிலும் நடக்கிறது, நாட்டுப்புற நடனம் அதில் ஒரு பிரிவு, பெரிய மேடை என்றெல்லாம் நீங்கள் விளக்கியதில் அம்மாவுக்கு வேண்டிய பதில் இல்லை. கூட வரும் பெண் பேராசிரியர் யார், அவர் போன் எண் என்ன, தங்குமிடம் எது, எந்த வண்டியில் போகிறீர்கள், என்றைக்கு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அந்தப் பேராசிரியரையே அம்மாவோடு பேச வையுங்கள்.

உங்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வளாகத்தை விட்டு வெளியே போனால் கல்லூரிக்குப் பொறுப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள், மாணவர்கள் கலை விழா, விளையாட்டு, முகாம் என்று போகும் இடத்தையும், அதற்குக் கல்லூரி ஏற்பாடு செய்யும் வண்டியையும் வளாகமாகவே கருதுகின்றன. அங்கே யாராவது அத்துமீறினால் உங்கள் பல்கலைக்கழகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. போவதற்கு முன் குழுவின் பத்துப் பேருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

மாசி, பங்குனியில் காரைக்குடியில் எல்லாமே ஒன்றாக வரும். முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற கூட்டத்தில் பேருந்து நகராது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவும் பங்குனியில்தான். அடுத்த வாரம் எந்த நாளில் தெரு அடைத்திருக்கும் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை புதுவயலிலிருந்து வழக்கமான வண்டியை நம்பாமல் ஒரு வண்டி முன்னதாகவே ஏறிவிடுங்கள். ஆட்ட உடையைப் பையில் வைத்து, தோழியிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்தக் கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தா ஆட்டம் பார்க்க வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, வெளியாட்களை உள்ளே விட அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று அதே நடையில் கேட்டு வந்துவிடுங்கள். வயதானவர், வெயிலில் வாசலில் நிற்க வேண்டாம்.